பன்னிரண்டு நோட்டீசும் ஒரு திங்கட்கிழமையும்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே நான் ஒருவருக்கு மாட்டுக்கொட்டகை வாங்கிக் கொடுத்துவிட்டேன். எனக்கே தெரியாமல்.

அரசு இடத்தை ஒட்டிக் கொட்டகை போட அனுமதி கேட்டு அவர் எழுதியிருந்தார். அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் பதில். தட்டச்சு செய்தது நான். அதில் ‘இல்லை’ என்று பொருள்படும் ஒரே ஒரு ‘நாட்’ விட்டுப்போயிற்று. அதிகாரி கையெழுத்துப் போட்டார், கடிதம் தபாலில் போனது, மறுப்பு அனுமதியாகிவிட்டது. பிறகு அந்தப் பக்கம் ஆய்வுக்குப் போனவர்கள் பார்த்தபோது கொட்டகைக்குள் இரண்டு எருமைகள் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. கடிதத்தை அவர் தூணில் ஒட்டியும் வைத்திருந்தாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்று என்னால் சிரிக்க முடியவில்லை. “சேர்ந்த புதிதில் உங்களுக்கு எது பயமாக இருந்தது, மேடம்?” என்று காலையில், புதிதாக வேலைக்குச் சேர்ந்து இங்கே பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் கேட்டார் அல்லவா, அதற்குப் பதில் இந்த எருமைகள்தான்.

அதிகாரி என்னைத் திட்டவில்லை. “எஸ்தர், இனிமே அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க” என்று மட்டும் சொன்னார். நான் அதை ஒரு தடவையோடு நிறுத்தவில்லை. மூன்று தடவை படித்தேன். பிறகு கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் பின்னோக்கிப் படித்தேன். ஒரு எழுத்து லேசாக மங்கலாக விழுந்தாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி அடித்தேன். அப்பா இரும்புலியூரில் பள்ளிக்கூட வாத்தியார். எழுத்துப்பிழையை ஒழுக்கக்கேட்டுக்கு அடுத்தபடியாக வைத்திருந்த வீடு எங்களுடையது. ஆகவே இந்தப் பழக்கம் வீட்டிலும் பாராட்டுப் பெற்றது. இரண்டு வருடத்தில் ‘எஸ்தர் அடித்தால் பிழை இருக்காது’ என்று அலுவலகத்தில் பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதே என் முழுநேர வேலையாகிவிட்டது என்பது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் அலுவலகம் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், வாடகை வீடு ஒன்றில் இருந்தது. பொதுக் காரியங்களுக்கு நிலம் எடுக்கும் பிரிவு. யாருடைய இடம் தேவைப்படுகிறதோ அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், குறித்த நாளில் அவரை வரவழைத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், கேட்டதை மேலே எழுத வேண்டும். அறுபதுகளின் பின்பாதி. எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. தமிழில் எழுதுங்கள் என்று உத்தரவு வந்து வெகுநாள் ஆகியிருந்தது. தமிழ்த் தட்டச்சு இயந்திரம்கூட வந்துவிட்டது. அதற்கு ஒரு காக்கி உறை போட்டு, அதன் மேல் எல்லோருடைய டிபன் பாக்சையும் அடுக்கி வைத்திருந்தோம்.

அந்த இயந்திரத்தில் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். “தமிழ் நோட்டீசுக்கு ஒரு மாதிரி தயார் பண்ணுங்க” என்று அதிகாரி என்னிடம் சொல்லியிருந்தார். நானும் ஆரம்பித்தேன். முதலில் ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் சரியான தமிழ்ச் சொற்களை முடிவு செய்துகொள்ள வேண்டும், அதன்பிறகு நோட்டீஸ் எழுதலாம் என்பது என் திட்டம். ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை. அட்டைகளைப் பிஸ்கட் டின் ஒன்றில் அகரவரிசையில் அடுக்கினேன். ஒரு டின் நிறைந்து இரண்டாவது டின் வந்தது. ‘ஹியர்பை’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் ஏழு அட்டைகள். இதன்மூலம், இதனால், இத்தால், ஈண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. ஒரு தமிழ்க் கடிதம்கூட வெளியே போகவில்லை.

தபால் பிரிவில் கன்னியப்பன் என்று ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சைதாப்பேட்டையிலிருந்து ரயிலில் வருவார். அட்டை எழுதத் தொடங்கி ஒரு வருடம் ஆனபோது ஒருநாள் என் டின்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னாம்மா, டப்பா மட்டும் ரொம்பிகினே கீது. லெட்டர் ஒண்ணும் என் கைக்கு வர்ல.”

“சரியா வரட்டும்னு பாக்கறேன், அண்ணா. தப்பா எழுதிட்டா கவர்மெண்ட் பேர்ல போற லெட்டர் இல்லையா?”

“அதுவும் கரெக்டுதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கேலி செய்திருந்தால்கூட எனக்கு ரோஷம் வந்திருக்கும். ஒப்புக்கொண்டுவிட்டதால் இன்னும் ஆறு மாதம் நிம்மதியாக அட்டை எழுதினேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

காலை பதினொன்றரை மணி இருக்கும். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தார். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். அவர் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் சொல்லப்போவதில்லை. மேடையில் பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அக்கா என்றே சொல்கிறேன், அப்படித்தான் கூப்பிட்டேன்.

முந்தானையில் முடிந்து வைத்திருந்த காகிதக் கற்றையை எடுத்து என் மேஜையில் வைத்தார். ஈரம் பட்டுச் சுருண்டிருந்தன. எங்கள் நோட்டீஸ்கள். பன்னிரண்டு.

“இதுல இன்னாம்மா எழுதிகீது? போஸ்ட்மேன் வூடு வூடா குடுத்துட்டுப் போனாரு. ஒர்த்தரு ரேஷன் கார்டுன்றாரு, ஒர்த்தரு வலை குடுக்கறாங்கன்றாரு. எங்க சித்தப்பா மாதா படத்துக்குப் பின்னாடி சொருவி வச்சிருந்தாரு. எல்லாத்தையும் வாங்கிகினு வந்துட்டேன். நம்ம ஊட்டாண்ட இங்கிலீசு படிச்சவங்க யாரும் இல்ல, தமிழ்னா ரெண்டு மூணு பேரு எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க. மீன் வாங்கற வாத்தியாரம்மாதான் ஸ்கூலுக்கு ஓடற அவசரத்துல மேல இருக்கற பேர மட்டும் பாத்துட்டு இந்த ஆபீசுனு சொன்னாங்க.”

நான் எடுத்துப் படித்தேன். படிக்கத் தேவையே இல்லை, அடித்தது நான்தான். கரையோரம் படகு ஏற்றி வைக்கும் மணலும், வலை உலர்த்தும் இடமும், அதை ஒட்டிய பன்னிரண்டு மனைகளும் ஒரு கிடங்கு கட்டத் தேவைப்படுகின்றன. ஆட்சேபணை உள்ளவர்கள் வரும் வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு இந்த அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று கருதப்படும்.

பன்னிரண்டு தாளிலும் ஒரு பிழை இல்லை. ஒவ்வொன்றையும் கடைசி வரியிலிருந்து பின்னோக்கியும் படித்து அனுப்பியிருந்தேன். அவர்கள் வீட்டு மாதா படத்துக்குப் பின்னால் அது அத்தனை சுத்தமாக உட்கார்ந்திருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அக்கா தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “படகு எங்க நிறுத்தறது?” என்று கேட்டார். “நீங்க எல்லாரும் வியாழக்கிழமை வந்து அதைச் சொல்லணும், அக்கா. அதுக்குத்தான் கூப்பிட்டிருக்கு” என்றேன்.

“நான் போய்ச் சொன்னா எவன் நம்புவான்? மீன் விக்கப் போனவ இன்னாத்தையோ கேட்டுகினு வந்துட்டானு சொல்லுவானுங்க. பெரியவங்க பேப்பர் இருந்தாத்தான் நம்புவாங்க. நீ தமிழ்ல எழுதிக் குடு. சீல் போட்டு. ரெண்டு மணி பஸ்ஸுக்கு நான் போவணும். அத்த விட்டா, நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஆம்பளைங்க வலைய ஏத்திகினு போய்டுவாங்க. போனா மூணு நாளு கரைக்கு வரமாட்டாங்க.”

அதிகாரி ஒரு மணிக்கு ஜீப்பில் முகாம் கிளம்புகிறார். புதன்கிழமை மாலைதான் திரும்புவார். என் கையில் ஒன்றரை மணி நேரம் இருந்தது. தமிழ் நோட்டீஸ் என்று ஒன்று அந்த அலுவலகத்தில் இதுவரை எழுதப்பட்டதே இல்லை.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், அரை மணி நேரம் அட்டை புரட்டினேன். கண் முன்னால் எருமைகள். எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா தேடற?”

“சரியான வார்த்தை தேடறேன், அக்கா.”

“எதுக்கு வார்த்தை?”

“நிலத்தைக் கையகப்படுத்துதல்னு எழுதலாமா, சுவாதீனம்னு எழுதலாமான்னு.”

“அப்டினா?”

“அரசாங்கம் எடுத்துக்கறது.”

“அப்ப எடுத்துக்கறதுனு எழுதேன்.”

டின்னை மூடினேன். கன்னியப்பன் எதுவும் கேட்காமல் எழுந்து வந்து டிபன் பாக்சுகளை எல்லாம் இறக்கி, காக்கி உறையைக் கழற்றினார். பன்னிரண்டு பிரதி வேண்டும், ஆகவே ஸ்டென்சில் தாளை மாட்டினேன். ஸ்டென்சிலில் அடித்துவிட்டால் உருளையில் மை தடவி எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நான் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்வேன். அக்கா கேட்பார். அவருக்குப் புரிந்தால் அடிப்பேன். புரியாவிட்டால் மாற்றுவேன். ‘விசாரணைக்கு வரவும்’ என்றபோது அவர் முகம் மாறிவிட்டது.

“விசாரணையா? போலீசு வருமா?”

“இல்லக்கா, சும்மா கேக்கறதுக்குத்தான்.”

“விசாரணைனு போட்டீனா ஒர்த்தன் வரமாட்டான். அன்னிக்கினு பாத்து எல்லாம் கடலுக்குப் போய்டுவான்.”

ஒன்றரை வருடமாக நான் தேடியதில் சந்தேகமே வராத சொற்களில் அது ஒன்று. விசாரணைக்கு ஒரே ஓர் அட்டைதான் வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு, ‘உங்கள் கருத்தைக் கேட்க உங்களை அழைக்கிறோம்’ என்று அடித்தேன். ‘இடத்தைக் கொடுக்க விருப்பம் இல்லை என்றால் நேரில் வந்து சொல்லலாம். ஏன் என்பதையும் சொல்லலாம். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்வோம். வராமல் இருந்தால் உங்களுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்.’ கடைசி வரியை அக்கா இரண்டு முறை சொல்லச் சொன்னார். “இத்த மேல போடு. இதுதான் முக்கியம்.” மேலே இடம் இல்லை. ஆகவே அதன் கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டேன்.

மணி பன்னிரண்டே முக்கால். முதல் பிரதியை எடுத்துப் பார்த்தேன்.

மணல் என்பது மனல் என்று இருந்தது. வியாழக்கிழமை வியாளக்கிழமை ஆகியிருந்தது. அக்கா சொல்லச் சொல்ல அடித்ததில் அவர் உச்சரிப்பு என் விரலுக்குள் இறங்கிவிட்டது போலும். ஒரு வரியில் ‘உங்கள் உங்கள்’ என்று இரண்டு தடவை விழுந்திருந்தது. ஸ்டென்சிலில் பிழையை மூடப் பூசும் சிவப்பு மருந்து, பாட்டிலைத் திறந்தால் கட்டியாகக் காய்ந்து கிடந்தது. இன்னொரு ஸ்டென்சில் அடிக்கக் குறைந்தது அரைமணி நேரம். வெளியே டிரைவர் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தப்பு இருக்கு, அக்கா. மூணு எடத்துல” என்றேன்.

“நாளு தப்பா?”

“இல்ல.”

“மணி தப்பா? எடம் தப்பா?”

“இல்ல. எழுத்துதான்.”

“அப்பக் குடு.”

தம்பிகளே, தங்கைகளே, ஒரு பிழைக்கும் இன்னொரு பிழைக்கும் வித்தியாசம் உண்டு என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த மூன்று கேள்வியில். கொட்டகைக் கடிதத்தில் விட்டுப்போனது காரியத்தையே கவிழ்க்கும் சொல். இதுவோ மூன்று சுழிக்குப் பதில் இரண்டு சுழி. இரண்டுக்கும் நான் ஒரே அளவு பயந்துகொண்டிருந்தேன். அப்படிப் பயப்படுகிறவருக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும். உடனே கன்னியப்பனைக் கூப்பிட்டு, தேதி, கிழமை, மணி, எங்கள் தெரு, சர்வே எண்கள் இவற்றை மட்டும் ஆங்கில நோட்டீசோடு வைத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தன. பன்னிரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் அந்தந்த ஆங்கில நோட்டீசைக் குத்தினேன்.

அதிகாரி தொப்பியை மாட்டிக்கொண்டு ஜீப் பக்கம் போய்விட்டார். ஓடிப்போய் நீட்டினேன்.

நின்றபடியே படித்தார். “இதுக்கு அப்ரூவ் ஆன ஃபார்ம் இருக்கா?”

“இல்ல, சார். சட்டப்படி போக வேண்டியது பின்னாடி இருக்கு, அதுல ஒரு எழுத்துகூட மாத்தல. முன்னாடி இருக்கறது அதைப் படிக்கத் தெரியாதவங்களுக்கு.”

“மணலுக்கு எந்த ண, எஸ்தர்?”

“மூணு சுழி, சார். தப்பாத்தான் விழுந்திருக்கு. திருத்தி அடிச்சா உங்க கையெழுத்து கிடைக்காது. கையெழுத்து இல்லாம போனா வியாழக்கிழமை யாரும் வரமாட்டாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். வாசலில் கூடைக்குப் பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தார். பேனாவைத் திறந்தவர், தாளுக்கு மேலே பிடித்தபடி கொஞ்சம் தயங்கினார். “தமிழ் நோட்டீசுக்கு இங்கிலீஷ்ல கையெழுத்துப் போட்டா நல்லா இருக்காது, இல்ல?” என்றார். பிறகு ஜீப்பின் பானெட்டில் தாள்களை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப்போலத் தமிழில் தன் பெயரை எழுதினார். முதல் மூன்று கையெழுத்தும் மூன்று விதமாக இருந்தன. நாலாவதில்தான் ஒரு தைரியம் வந்தது. “நான் தமிழ்ல கையெழுத்துப் போட்டு இருபது வருஷம் இருக்கும். நீங்க தயார் பண்ற நோட்டீஸ் மாதிரி எப்ப வரும், எப்ப வரும்னு கொஞ்சம் பயந்துக்கிட்டுதான் இருந்தேன்” என்று சொல்லிச் சிரித்தார். உத்தரவு போட்டுவிட்டு ஒன்றரை வருடம் அவர் ஏன் என்னைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

அக்கா ரெண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டார். கன்னியப்பன் கூடையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம் வரை கூடவே போனார்.

வியாழக்கிழமை. பதினொன்று அடித்தது. யாரும் வரவில்லை. அதிகாரி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார், உள்ளே போனார், மறுபடி எட்டிப் பார்த்தார். பதினொன்றே கால். என் நோட்டீசில் எதுவோ தப்பாகிவிட்டது, அந்த வியாளக்கிழமைதான் ஏதோ செய்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பதினொன்றரைக்குக் கன்னியப்பன் வாசலிலிருந்து கூப்பிட்டார். “எஸ்தரம்மா, கொஞ்சம் வந்து பாரு.”

தெரு முழுக்க ஆட்கள். பஸ்ஸில் இடம் இல்லாமல் இரண்டாவது பஸ்ஸுக்குக் காத்திருந்து வந்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டோம், ஐம்பது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். நாற்காலி போதவில்லை. கொல்லைப்புறத்து வேப்பமரத்தடிக்கு மேஜையைத் தூக்கிக்கொண்டு போனோம். அக்காவின் சித்தப்பா எழுந்து, காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கமிருந்து அடிக்கும், படகை ஏன் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் ஏற்ற முடியும் என்று கையால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். அதிகாரி நாற்காலியை விட்டு இறங்கிக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். நானும் கன்னியப்பனும் மாலை நாலு மணி வரை எழுதினோம். எந்த அட்டையையும் தேட நேரமில்லை. அவர்கள் சொன்ன சொல்லையே எழுதினோம்.

முழு வெற்றி என்று கதை விடமாட்டேன். கிடங்கு வந்தது. ஆனால் படகு ஏற்றும் மணலை விட்டுவிட்டு வடக்கே தள்ளி வந்தது. வலை உலர்த்தும் இடத்தில் ஒரு மூலை போயிற்று, மூன்று வீடுகள் இடம் மாறின. அந்த மூன்று வீட்டாருக்கும் என்மேல் கோபம் இருந்திருக்கலாம். அது நியாயமும்கூட. மேலிடத்துக்கு அனுப்பிய பிரதி, மூன்று பிழைகளையும் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திரும்பி வந்தது. ஓரத்தில், ‘திருத்திக்கொண்டு இனி இதையே எல்லா நோட்டீசுக்கும் பயன்படுத்தவும்’ என்று எழுதியிருந்தார்கள். அந்த வட்டங்களைப் பார்த்து நான் செத்துப்போய்விடவில்லை. மத்தியானம் வழக்கம்போலப் பசித்தது.

இரண்டு வாரம் கழித்து அக்கா மறுபடி வந்தார். இந்த முறை முந்தானையிலிருந்து வந்தது எங்கள் காகிதம் அல்ல. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள், பென்சிலில், மூன்று பேருடைய கையெழுத்து மாறி மாறி. காலையில் மீன் கொண்டுபோக ஒரு பஸ் சீக்கிரமாக விட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அது எங்கள் அலுவலக வேலையே இல்லை. வரிக்கு இரண்டு பிழை இருந்தது. அலுவலகத்தில் நான் சேர்ந்ததிலிருந்து அந்தக் கரையிலிருந்து ஒரு கடிதம் வந்து பார்த்ததில்லை.

“யாருக்கு எழுதறதுனு தெர்ல. நீ எழுதுனது புரிஞ்சிது, அதான் உனக்கே எழுதிட்டோம்” என்றார் அக்கா.

வாங்கி முத்திரை போட்டு, வரவுப் பதிவேட்டில் ஏற்றினேன். ‘எங்கிருந்து’ என்ற இடத்தில் கோவளம் என்று எழுதினேன். அவரை உட்காரச் சொல்லிவிட்டு, பஸ் விடுகிறவர்களுக்கு அவர்கள் சார்பில் ஒரு கடிதம் அடிக்க ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.